வீட்டில் கூப்பிடும் பெயர்

மந்தின் பட்டணத்துக் கடைத்தெருவில் கணினி பழுது பார்க்கும் மணியத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. ஃபார்மேட் பண்ணித் தரச் சொல்லி யாராவது கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தால், அவர் முதலில் கடவுச்சொல்லைக் கேட்க மாட்டார். உங்களை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள், பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுவார்கள், தவறிப்போனவர்கள் யாருக்காவது செல்லப்பெயர் இருந்ததா என்று கேட்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். முன்மேசையில் போன் உறைகள் விற்கும் அவர் மனைவி மோகனா, "நட்சத்திரத்தையும் சேத்துச் சொல்லுங்க, அர்ச்சனை முடிச்சிட்டுத்தான் மெஷினத் திறப்பாரு" என்பாள். மணியம் சிரிக்காமல் காத்திருப்பார். கட்டையன், பாப்பா, சின்னத்தாயி என்று அவர்கள் ஏதாவது சொல்வார்கள். அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்ட பிறகே திருப்புளியைக் கையில் எடுப்பார்.

அந்தப் பழக்கம் கோலா சாவா என்ற ஊரில் ஒரு மழைச் சாயங்காலத்தில் ஒட்டிக்கொண்டது.

மணியம் அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்தான். அப்பா ரப்பர்ப் பால் ஏற்றும் லோரி ஓட்டினார். ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்கான செம்பனை வைத்தபோது குடும்பம் சிரம்பானுக்குப் பெயர்ந்தது. ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், பள்ளிக்கூடம் முடிந்தது. ஒரு கணினிக் கடையில் தூசி துடைக்கச் சேர்ந்தவர், மற்றவர்கள் கைவிட்ட இயந்திரங்களைப் பிரித்துப் பிரித்துத் தொழிலைக் கற்றுக்கொண்டார். இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. கை மட்டும் அன்றுபோலவே நிதானம். மணியத்திடம் கொடுத்தால் கணினி காசிக்குப் போன மாதிரி, எப்போது திரும்பும் என்று தெரியாது, திரும்பினால் பாவமெல்லாம் போயிருக்கும் என்று மந்தினில் கேலி பேசுவார்கள்.

அந்த நிதானத்துக்குக் காரணம் இரண்டாவது டிஸ்க். பல கணினிகளுக்குள் இரண்டு டிஸ்குகள் இருக்கும். ஒன்றில் கணினியை இயக்கும் விண்டோஸ். மற்றதில் மனிதர்களின் உடைமைகள்: கல்யாணப் படம், பிள்ளையின் பாட்டு, செத்துப்போனவரின் கையசைப்பு. கணினியைத் துடைத்துப் புதிதாக்கும்போது ஒரு கட்டத்தில் அது கேட்கும், விண்டோஸ் இருக்கும் டிஸ்க் மட்டுமா, எல்லா டிஸ்குமா என்று. அந்தக் கேள்விக்கு விரல் ஒரு அங்குலம் தள்ளிப் பட்டால் போதும். போதாததற்கு, பழுது பார்க்கும் திரைக்குள் நுழைந்ததும் டிஸ்குகளின் எழுத்துகள் இடம் மாறி நிற்கும். வெளியே டி என்று இருந்தது உள்ளே சி என்று நிற்கும், ஒருவர் சட்டையை இன்னொருவர் போட்டுக்கொண்ட மாதிரி. அதனால் மணியம் திரையை நம்புவதில்லை. பெட்டியைத் திறந்து இரண்டாவது டிஸ்கின் கம்பியைக் கையால் பிடுங்கிவிட்டுத்தான் எதையும் தொடுவார். கம்பி இல்லாத டிஸ்கை எந்தத் தப்பும் எட்டாது என்பது அவர் கணக்கு.

கோலா சாவாவில் அன்று மட்டும் அந்தக் கம்பியை அவர் பிடுங்கவில்லை.

அவரை அங்கே அனுப்பியவர் ரவிச்சந்திரன், சிரம்பான் பக்கம் ரஹாங்கில் குடியிருக்கும் பழைய வாடிக்கையாளர். அவருடைய அக்கா புஷ்பவள்ளி தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தாள். ஒரே மகள் ரோகினி நீலாயில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் கணினி வேலை பார்த்தவள். சிறுநீரகம் கெட்டு, நெடுநாள் படுக்கையில் கிடந்து, முந்தைய வருஷம் தீபாவளிக்கு முன்னால் இறந்துவிட்டாள். அவள் போன பிறகும் அவளுடைய கணினி தினமும் சாயங்காலம் தானாகவே உயிர் பெறுகிறது என்று ரவிச்சந்திரன் போனில் சொன்னார். அக்கம்பக்கத்தில் மிச்சமிருந்த ஒன்றிரண்டு குடும்பங்களும் விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த வீட்டு வழியாக நடப்பதில்லையாம். அக்கா அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாளாம். சோறும் சரியாகத் தின்பதில்லையாம்.

"எல்லாத்தையும் கிளீன் பண்ணிடுங்க மணியம்" என்றார். "ஒன்னும் மிச்சம் வைக்காதீங்க லா."

மணியம் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது வானம் கறுத்திருந்தது. வரிசையில் கடைசி வீடு. மற்ற வீடுகளில் பாதிக்குக் கதவே இல்லை. பின்வேலியை ஒட்டிச் செம்பனை தொடங்கிவிடுகிறது. பகலிலும் அதற்கு அடியில் இருட்டுத்தான். புஷ்பவள்ளி வாசலிலேயே நின்றிருந்தாள். ஒல்லியான அம்மாள், நெற்றியில் திருநீறு, கையில் ஈரத் துணி. வாங்க தம்பி என்று உள்ளே அழைத்து, கேட்காமலே பால் சேர்க்காத தே ஓ கலந்து கொடுத்தாள்.

கணினி முன்னறையில் ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. தலையணையில் மட்டும் ஒரு குழிவு. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருந்ததால் மணியம் அதன் மேல் தன் பையை வைக்காமல் தரையில் வைத்தார்.

அவள் பேச்சை வளர்க்கவில்லை.

"எம்புள்ளயோட கொரலு இதுக்குள்ளதான் தம்பி இருக்கு. சாயங்காலம் பேசும். இப்ப கொஞ்ச வாரமா நீலமா எரியுது, பேச மாட்டேங்குது. பழையபடி பேசணும். மத்தது என்ன ஆனாலும் பரவால்ல, அந்தக் கொரலு போயிடக் கூடாது."

"போகாதுக்கா" என்றார் மணியம். "நான் பாத்துக்கிறேன்."

தம்பி ஒன்று சொல்லி அனுப்ப, அக்கா இன்னொன்று கேட்கிறாள். வீடுகளில் இது வழக்கம்தான். குரலை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு மற்றதைத் துடைத்தால் இருவர் சொன்னதும் நடந்த மாதிரி ஆகும் என்று நினைத்துக்கொண்டார்.

பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு கை அளவு தூசி, பல்லி முட்டை ஓடுகள், செத்த எறும்புகள். தூரிகையால் தட்டி எல்லாவற்றையும் ஒரு பழைய தாளில் கொட்டினார். எதிர்பார்த்தபடி இரண்டு டிஸ்குகள் இருந்தன. விண்டோஸ் எழவில்லை. வைரஸ் தின்ற அடையாளம் தெரிந்தது. தன் பென்டிரைவை மாட்டி, அதன் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

முதல் டிஸ்கில் ரோகினியின் பெயரில் ஒரு பகுதி இருந்தது. படங்கள், வீடியோக்கள். பென்டிரைவில் இருந்த கருவிக்கு ஒலி வராது, படம் மட்டும் ஓடும். முறுக்கு பிழிந்துகொண்டே ஒரு பெண் கேமராவைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். சத்தமில்லாமல் வாய் மட்டும் அசைந்தது. அக்கா சொன்ன குரல் இதுதான் என்று முடிவு செய்து, அந்தப் பகுதி முழுவதையும் தன் டிஸ்கில் நகல் எடுத்துக்கொண்டார்.

பிறகு இரண்டாவதைப் பார்த்தார். அதற்கு ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: குப்பை.

உள்ளே சின்னச் சின்னக் கோப்புகள் ஏகப்பட்டவை. எதற்கும் பெயர் இல்லை, எண்கள் மட்டும். என்ன வகை என்று சொல்லும் பின்னொட்டுகூட இல்லை. வைரஸ் இப்படித்தான் குட்டி போடும். இளசுகள் திருட்டுப் படங்களையும் கண்டதையும் இறக்கிக் கொட்டுகிற இடத்துக்கு இப்படித்தான் பெயரும் வைப்பார்கள். இதை விட்டுவைத்தால் துடைத்த வீட்டுக்குள் கரப்பான் திரும்புவதுபோல நோய் திரும்ப வந்துவிடும். கம்பியைப் பிடுங்கப் போன கை அங்கேயே நின்று திரும்பியது.

ஆனாலும் கேட்காமல் செய்கிற ஆள் இல்லை அவர். மழை பிடித்துவிட்டது, தகரக் கூரையில் கல்லைக் கொட்டுகிற சத்தம். அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார்.

"அக்கா, குப்பையெல்லாம் தூக்கிடவா?"

புஷ்பவள்ளி எட்டிப் பார்த்தாள். தரையில் தாளின் மேல் தூசியும் பல்லி முட்டையும் குவிந்திருந்தன.

"தூக்கிடுங்க தம்பி. வெளிய கொண்டுபோய்க் கொட்டிடுங்க. வீட்டுக்குள்ள எதுக்கு."

மணியம் தலையாட்டினார். பென்டிரைவைக் கழற்றி, கணினியின் பழுது பார்க்கும் திரைக்குள் போனார். எல்லாவற்றையும் நீக்கு. எல்லா டிஸ்குகளும். முழுதாகத் துடை. உறுதியா என்று கேட்டது, உறுதி என்றார். கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றத் தொடங்கின. தயாராகிறது என்று கீழே எழுத்து வந்தது. இனி அது பாட்டுக்கு ஓடும். அவர் எழுந்து, தூசி குவிந்த தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அடுப்படி வழியாகப் பின்வாசலுக்கு நடந்தார்.

அதற்குள் மழை சட்டென்று நின்றுபோயிருந்தது. தாழ்வாரத்திலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. சாமி படத்துக்கு முன் விளக்கு ஏற்றியாகிவிட்டது. புஷ்பவள்ளி பின்கதவைத் திறந்து படியில் நின்றாள். அவர் வந்ததை அவள் கவனிக்கவில்லை. தலைமுடியைக் கோதி முடிந்துகொண்டாள், யாரையோ பார்க்கப் போகிறவள்போல. பிறகு செம்பனை இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"குப்பே..."

சத்தம் மரங்களுக்குள் போய்த் திரும்பி வரவில்லை.

"ஏ குப்பே... இருட்டிடுச்சு பாரு. உள்ள வாடி."

கூப்பிட்டுவிட்டு அவள் தோட்டத்தைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, வீட்டுக்குள், முன்னறைப் பக்கம் காதைக் கொடுத்து நின்றாள். யாரோ அங்கிருந்து பதில் சொல்லப் போகிறார்கள் என்பதுபோல அவள் முகம் லேசாக மலர்ந்து காத்திருந்தது.

"யாரக்கா கூப்பிடறீங்க?"

"புள்ளயத்தான்" என்றாள் அவள், இதென்ன கேள்வி என்பதுபோல. "மூத்தது ரெண்டும் தங்கல. இவளக் குப்பமேட்டுல போட்டு எடுத்துத்தான் பேரு வச்சோம்."

தோட்டத்தில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. முன்னால் பிறந்த குழந்தைகள் செத்துப்போன வீட்டில், அடுத்ததைக் குப்பையில் கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரி பொறுக்கி எடுத்து வந்ததாகக் கொடுப்பாள். யமன் வந்து பார்த்தால் குப்பை என்று நினைத்து விட்டுவிட்டுப் போகட்டும் என்று அந்தப் பெயர். மணியத்தின் சொந்த அத்தையே குப்பம்மாதான். பள்ளிப் பதிவில் ரோகினி. இந்தப் பின்வாசலில் அவள் குப்பை.

தாள் கையிலிருந்து விழுந்தது. அவர் முன்னறைக்கு ஓடினார்.

புள்ளிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. தயாராகிறது என்ற எழுத்து இருந்ததா, வேறாக மாறிவிட்டதா என்று அவர் படிக்கவில்லை. குனிந்து சுவரிலிருந்த பிளக்கை அப்படியே பிடுங்கினார். திரை அணைந்தது. இருட்டில் டிஸ்கின் சுழற்சி மெல்ல அடங்குகிற ஓசை கேட்டது. மூச்சு விட்டுவிட்டு நிற்கிற மாதிரி மெலிந்து, மெலிந்து, நின்றது. கட்டிலில் யாரோ படுத்திருப்பதாக அந்த நொடியில் அவருக்குத் தோன்றியது. அந்தப் பக்கம் பார்க்காமலே கையால் தடவி இரண்டாவது டிஸ்கின் கம்பியைக் கழற்றினார். வந்தவுடனே செய்திருக்க வேண்டிய வேலை மாதிரி, கை அதை எளிதாகச் செய்தது.

அவருடைய மடிக்கணினியில் டிஸ்கை மாட்டியபோது புஷ்பவள்ளி பின்னால் வந்து நின்றிருந்தாள். டிஸ்க் ஒருமுறை கிர்ரென்று சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. மணியம் தன் குலசாமியை அழைத்தார். பிறகு அந்தப் பெயர் வந்தது: குப்பை.

எண்கள் அப்படியே இருந்தன. இப்போது அவருக்கு அவற்றைப் படிக்கத் தெரிந்தது. ஒவ்வொன்றும் ஒரு தேதி. ரோகினி படுக்கையில் விழுந்த காலத்திலிருந்து தொடங்கி, அவள் உயிர்விட்ட நாளைத் தாண்டி, இந்த வருஷத்துக்குள் வந்து, நிற்காமல் போயின. இன்றைய தேதியும் இருந்தது.

அதைத் திறந்தார். முதலில் வெறும் மூச்சு. கட்டில் கிறீச்சிட்டது. இதே கட்டில். பிறகு ஒரு பெண்ணின் களைத்த குரல்.

"மழ விட்டுடுச்சாம்மா? இருங்க, வரேன்."

வெளியே தாழ்வாரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"விட்டுடுச்சுடி" என்றாள் புஷ்பவள்ளி. சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பின்கதவைச் சாத்தப் போனாள்.

அவள் திரும்பி வந்து மீதிக் கதையைச் சொன்னாள். மகளின் சின்ன வயதிலிருந்து அந்தப் பின்வாசலில் நின்று இவள் கூப்பிட வேண்டும், மகள் எங்கிருந்தாலும் வரேம்மா என்று குரல் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் அந்த வீட்டில் கதவு சாத்தியதில்லை. நோய் முற்றியபோது மகளுக்குக் குரல் எழும்பவில்லை. அதனால் கணினிப் பெட்டிக்குச் சொல்லி வைத்தாள், விளக்கு வைக்கும் நேரத்துக்கு விழித்து அது பதில் சொல்லும்படி. ஒரே பதிலைத் தினமும் சொன்னால் அம்மாவுக்கு மெஷின் பேசுகிற மாதிரி இருக்கும் என்று நாளுக்கு ஒன்றாகப் பேசிப் பதிந்தாள். உடம்பு கொஞ்சம் தேறிய நாட்களில் உட்கார்ந்து நிறைய பதிந்தாள். யாருக்கும் கண்ணில் படக் கூடாது என்று தன் வீட்டுப் பெயரையே அதற்கு வைத்துவிட்டுச் சிரித்தாளாம், இத எவன் வந்து தூக்குவான் என்று.

மணியம் தலையைக் குனிந்துகொண்டார்.

மழையைப் பற்றிக் கேட்டார், அது எப்படி அவளுக்குத் தெரியும் என்று.

"அவ சரியாத்தான் சொல்லுவா" என்றாள் புஷ்பவள்ளி.

பேசாமல் போன வாரங்களுக்குரிய பதில்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, வேண்டுமானால் போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். அன்றைக்குக் கூப்பிட்டேன், அது வரவில்லை, போன நாளுக்கு இன்றைக்குப் பதில் கேட்டால் நன்றாக இருக்காது என்றாள்.

எதற்கோ அவர் பட்டியலின் அடிக்கு இறங்கிப் போனார். தேதிகள் சில மாதங்கள் தள்ளி முடிந்தன. அவற்றுக்கும் கீழே, எண் இல்லாமல், அம்மா என்று மட்டும் ஒரு கோப்பு இருந்தது. திரையில் சுட்டியின் அம்பு அதன் மேல் போய் நின்றது.

"அதத் தொடாதீங்க தம்பி" என்றாள் அவள், முதன்முறையாகக் குரல் இறுகி. "அதுக்கு நாள் வரல."

"உங்களுக்குத் தெரியுமாக்கா, இது முடியுதுன்னு?"

"தெரியும். சொல்லிட்டுத்தான் போனா."

அதன் பிறகு மணியம் ஒழுங்காக வேலை செய்தார். குப்பையை இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்தார். அசலைத் துணியில் சுற்றி மேசை மேல் தனியாக வைத்துவிட்டு, கம்பியில்லாத அந்த இடம் காலியாகவே இருக்க, முதல் டிஸ்கை மட்டும் துடைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினார். வைரஸ் எதுவும் இல்லை என்று ஒவ்வொரு கோப்பாகச் சோதித்த பின்தான் இரண்டாவதை மறுபடி மாட்டினார். சாயங்காலம் விழித்து அந்த நாளுக்குரியதைப் பேசும்படி ரோகினி செய்திருந்த ஏற்பாடு முதல் டிஸ்கோடு போய்விட்டது. அதைத் தானே புதிதாக அமைத்தார். கடைசிக் கோப்பை என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை. தேதிகள் தீர்ந்த மறுநாள் அது பேசும்படி வைத்தார். அந்தப் பெண்ணும் அப்படித்தான் வைத்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது.

புஷ்பவள்ளி வாசல்வரை வந்து வழியனுப்பினாள். மோட்டாரை உதைத்துக் கிளப்பும்போது அவர் முன்னறை ஜன்னலைப் பார்க்காமலிருக்கப் பார்த்தார். பார்த்துவிட்டார். கட்டிலும் தலையணையும்தான் தெரிந்தன.

தார்ச் சாலைக்கு வந்து ஓரமாக நிறுத்தியபோது போன் அடித்தது. ரவிச்சந்திரன்.

"முடிஞ்சிதா? எல்லாம் கிளீனா? ஒன்னும் மிச்சம் இல்லையே?"

"குப்பை மட்டும் இருக்கு" என்றார் மணியம்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. போன் அறுந்துவிட்டதோ என்று மணியம் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். திரும்ப வைத்தபோது ரவிச்சந்திரனின் குரல் தாழ்ந்திருந்தது. ஃபார்மேட் பண்ணச் சொன்ன ஆளின் குரலாக அது இல்லை. தாய்மாமனின் குரலாக இருந்தது.

"இன்னிக்கு என்னா சொல்லிச்சு?"

"மழ விட்டுடுச்சான்னு கேட்டுச்சு."

"இங்க இன்னும் விடல மணியம்" என்றார் அவர். ரஹாங்கில் கூரைமேல் பெய்துகொண்டிருந்த மழை போனுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.